வீதிச் சுவரில் ஓர் ஓவியர்: ஜூல் ஷெரே

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வந்த பிறகு, உயர்தரத்தில் என்ன பாடம் எடுப்பது என்று கேட்க வரும் பெற்றோர் பலர். அப்படி வந்த ஒருவர் ஒருநாள் என் மேசைக்கு முன்னால் அமர்ந்தார். மகள் பக்கத்தில் நின்றாள். "டீச்சர், எண்ட மகள் ஆர்ட் எடுக்கப் போறேன்டு ஒத்தக் கால்ல நிக்கிறா. எடுத்தா என்ன, கடைசில நோட்டீஸ் கீறத்தானே போகணும்?" என்றார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துக் கவலைப்படும் ஒரு வாப்பாவின் கேள்வி அது. "நோட்டீஸ் கீறுறதும் லேசான வேலை இல்ல" என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். அது சரியான பதில் அல்ல என்பது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை தரும்படி மாணவிகள் கேட்டபோது அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. வாழ்நாளில் பெரும்பகுதியை நோட்டீஸ் கீறுவதிலேயே கழித்த ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அவர் பெயர் ஜூல் ஷெரே. பிரான்ஸ் நாட்டவர். இன்று நாம் 'போஸ்டர்' என்று சொல்லும் வண்ணச் சுவரொட்டியின் தந்தை என்று கலை வரலாற்று நூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன.

ஷெரே 1836ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி பாரிஸில் பிறந்தார். தந்தை ஓர் அச்சுக்கோப்பாளர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கி வரியாக்கும் தொழில். அந்த வருமானத்தில் பிள்ளைகளை நீண்டகாலம் படிக்கவைக்க வழியில்லை. 13 வயதில் மூத்த மகனைக் கல்லச்சுக்காரர் ஒருவரிடம் மூன்று வருடம் தொழில் பழக விட்டார்கள். பாடசாலைப் படிப்பு அதோடு முடிந்தது. பிறகு ஒரு சித்திரப் பள்ளியில் வகுப்புகளுக்குப் போனார். லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களுக்கு முன்னால் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றார். பதினெட்டாம் நூற்றாண்டின் வத்தோ, பிராகொனார் ஆகியோரின் ஓவியங்கள் அவரை மிகவும் கவர்ந்தன. காற்றில் பறக்கும் ஆடைகள், மிதப்பது போன்ற உருவங்கள், வெளிர் நிறங்கள் எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டார். ஆனால் அவருக்கு உண்மையான ஆசான் அந்தக் கல்தான் என்பேன்.

கல்லச்சு என்றால் என்ன என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். அது விளங்காவிட்டால் ஷெரேயும் விளங்கமாட்டார்.

ஜேர்மனியின் பவேரியாப் பகுதியைச் சேர்ந்த அலோய்ஸ் செனெஃபெல்டர் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டுபிடித்த முறை இது. எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று சேராது என்ற, சமையலறையில் நாம் தினமும் காணும் உண்மைதான் இதன் அடிப்படை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லின் மீது கொழுப்புக் கலந்த மையினாலோ கட்டியினாலோ படம் வரைவார்கள். பிறகு பிசினும் சிறிதளவு அமிலமும் கலந்த கரைசலைப் பூசுவார்கள். அதன் பின் கல்லைத் தண்ணீரால் நனைத்தால், வரையாத இடம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளிவிடும். இப்போது எண்ணெய் மை பூசிய உருளையை உருட்டினால் மை வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் இறங்கிவிடும். கல்லில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கை எப்படி ஓடியதோ அப்படியே அச்சாகும்.

ஒரேயொரு சிரமம், எல்லாம் தலைகீழாக விழும். இடப்பக்கம் வலப்பக்கமாகும். ஆகவே கல்லில் நேரடியாக எழுதுபவர் கண்ணாடியில் தெரிவது போல எழுத்துகளைத் திருப்பி எழுதப் பழக வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அதைத்தான் மாதக்கணக்கில் பழகினார்கள். நம்புவதற்குக் கடினமாக இருந்தால் உங்கள் பெயரை ஒருமுறை அப்படி எழுதிப் பாருங்கள்.

இந்தக் கல்லச்சு நம் முஸ்லிம் வீடுகளுக்கு அந்நியமான ஒன்றல்ல. மூத்தம்மாமார் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்த பழைய அரபுத்தமிழ்க் கிதாபுகள் சிலருக்கு நினைவிருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தகைய கிதாபுகள் பல கல்லச்சில்தான் பதிப்பிக்கப்பட்டன. எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து, மேலும் கீழும் புள்ளியும் குறியும் ஏந்தி வரும் அரபு எழுத்துக்கு ஈய அச்சுக் கோப்பது பெரும்பாடு. கல்லச்சில் அந்தத் தொல்லை இல்லை. நல்ல கையெழுத்துக்காரர் ஒருவர் எழுதியதை அப்படியே கல்லுக்கு மாற்றி அச்சடித்துவிடலாம். அந்தக் கிதாபுகளின் பக்கங்கள் கையால் எழுதியவை போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். எழுத்தும் படமும் ஒரே கையின் ஓட்டத்தில் வரலாம் என்ற அந்தச் சுதந்திரத்தைத்தான் ஷெரே பாரிஸின் சுவர்களுக்குக் கொண்டுபோனார்.

உடனே அது நடந்துவிடவில்லை. 1854இல் பிழைப்புத் தேடி இலண்டன் போனார். அங்கே கிடைத்தது ஒரு தளபாட நிறுவனத்தின் விலைப்பட்டியலுக்குக் கதிரை, மேசைகளை வரையும் வேலை. பாரிஸுக்குத் திரும்பி வந்து, 1858இல் ஒஃபன்பாக் என்ற இசையமைப்பாளரின் நகைச்சுவை இசை நாடகம் ஒன்றுக்குச் சுவரொட்டி வரைந்தார். அதைப் பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் அடுத்த வேலையை யாரும் கொடுக்கவில்லை. பாராட்டு வேறு, வருமானம் வேறு என்பதை 22 வயதில் அவர் கற்றுக்கொண்டார். மறுபடியும் இலண்டன். இம்முறை 1859 முதல் 1866 வரை ஏழு வருடம்.

அந்த ஏழு வருடங்களை நான் மிக முக்கியமானவையாகக் கருதுகிறேன். சர்க்கஸ், நாடகம், இசை அரங்கு என்று எது கிடைத்தாலும் வரைந்தார். புத்தக அட்டைகளும் வரைந்தார். அதைவிட, இங்கிலாந்தின் அச்சகங்கள் பெரிய இயந்திரங்களைக் கொண்டு பெரிய தாள்களில் வண்ணத்தில் அச்சடிப்பதை அருகிலிருந்து பார்த்தார். அப்போதுதான் யூஜின் ரிமெல் என்ற வாசனைத் திரவிய வியாபாரியின் அறிமுகம் கிடைத்தது. ரிமெல் தன் போத்தல்களுக்கும் பெட்டிகளுக்கும் பூவேலைப்பாடுகளை அவரிடம் வரையக் கொடுத்தார். பயணங்களுக்கும் கூட்டிப்போனார். பிறகு பாரிஸில் சொந்தமாக அச்சகம் தொடங்கப் பணமும் கொடுத்தார். திறமை உள்ள எத்தனையோ பேர் இப்படி ஒருவரைச் சந்திக்காமலே போய்விடுகிறார்கள். இதைச் சொல்லாமல் ஷெரேயின் உழைப்பை மட்டும் புகழ்வது நியாயமில்லை.

1866இல் இங்கிலாந்து இயந்திரத்தோடு பாரிஸில் அச்சகம் தொடங்கினார். அக்காலத்தில் வண்ணக் கல்லச்சு என்பது செலவு மிகுந்த வேலை. ஒரு நிறத்துக்கு ஒரு கல். பத்து, பதினைந்து கற்களைக் கொண்டு ஓவியங்களைப் பிரதி எடுத்தார்கள். நாளைக்கு மழையில் நனைந்து கிழியப்போகும் ஒரு விளம்பரத்துக்கு அவ்வளவு செலவழிக்க எந்த வியாபாரி சம்மதிப்பார்? அதனால் சுவரொட்டிகள் பெரும்பாலும் கறுப்பு எழுத்துகளாகவே இருந்தன. ஷெரே மூன்று கற்களோடு நிறுத்திக்கொண்டார். முதற் கல்லில் கறுப்பு அல்லது கருநிறக் கோடுகள், அதாவது படத்தின் எலும்புக்கூடு. இரண்டாவது கல்லில் சிவப்பு. மூன்றாவது கல்லில்தான் அவருடைய உபாயம் இருந்தது. அந்தக் கல்லுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மைகளை இட்டார். மேற்பகுதியில் நீலம் போன்ற குளிர்ந்த நிறம், கீழ்ப்பகுதியில் மஞ்சள் போன்ற சூடான நிறம். உருளை உருளும்போது நடுவில் இரண்டும் கலந்து, மாலை வானம் போல ஒன்றிலிருந்து ஒன்றாக மாறும். மைகளும் ஒன்றின் ஊடாக ஒன்று தெரியும் தன்மை உடையவை. ஆகவே ஒன்றின் மேல் ஒன்று விழும் இடங்களில் புதுப்புது நிறங்கள் பிறந்தன. கோடுகள் மட்டுமன்றி, மையைத் தூவித் தெறிக்கவிட்ட சிறு புள்ளிகளையும் பயன்படுத்தினார். நம் வகுப்பில் பல் துலக்கும் பிரஷ்ஷை நிறத்தில் தோய்த்துச் சீப்பில் உரசித் தெறிக்கவிடுகிறோமே, ஏறக்குறைய அதே வேலை.

பின்னாளில் அவர் கறுப்பையும் விட்டுவிட்டார். 1890 அளவில் கறுப்புக்குப் பதிலாகக் கருநீலத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். அவருடைய முந்திய, பிந்திய சுவரொட்டிகளை அருகருகே வைத்துப் பார்த்தால், திரையை விலக்கியது போல வெளிச்சம் பாய்வது தெரியும்.

1893இல் லொயி ஃபுல்லர் என்ற அமெரிக்க ஆடற்கலைஞருக்கு அவர் செய்த சுவரொட்டியை வகுப்பில் நான் எப்போதும் உதாரணம் காட்டுவேன். அந்தப் பெண்மணி மிக அகலமான மெல்லிய துணிகளைச் சுழற்ற, அவற்றின் மீது நிறம் மாறும் மின்னொளி பாய்ச்சப்படும். அதுதான் அவருடைய நிகழ்ச்சியின் புதுமை. அசையாத தாளில் நிறம் மாறுவதை எப்படிக் காட்டுவது? ஷெரே அதே படத்தைப் பல நிறச் சேர்க்கைகளில் அச்சடித்தார். கற்கள் அவைதான், மை மட்டும் வேறு. வீதியில் நடந்து போகிறவர் ஒரு சுவரில் ஒரு நிறத்திலும் அடுத்த சுவரில் வேறு நிறத்திலும் அதே உருவத்தைக் காண்பார். நடப்பவரின் கால்களே ஒளி மாறும் வேலையைச் செய்துவிடும். ஓவியம் மட்டும் தெரிந்த ஒருவருக்கு இது தோன்றியிருக்காது. அச்சகத்தில் நின்று மை கலக்கியவருக்குத்தான் தோன்றும்.

காலமும் அவருக்குத் துணைநின்றது. பாரிஸின் ஒடுங்கிய தெருக்களை இடித்து, அகன்ற நேர்வீதிகளை அமைக்கும் வேலை 1850களிலும் 60களிலும் நடந்தது. புதிய கடைகள், புதிய அரங்குகள், மாலையில் நடைபோக வரும் மக்கள். 1868 முதல் விளம்பரம் ஒட்டுவதற்கென்றே உருண்டையான தூண்கள் நடைபாதைகளில் நிறுத்தப்பட்டன. 1881ஆம் ஆண்டு யூலை 29ஆம் திகதிய பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் சுவரொட்டிகளுக்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. தடை செய்யப்பட்ட இடங்கள் தவிர மற்ற இடங்களில் தாராளமாக ஒட்டலாம். 'விளம்பரம் ஒட்டாதீர்' என்ற அறிவிப்பையும் அந்தச் சட்டத்தின் திகதியையும் சேர்த்து எழுதிய சுவர்களைப் பிரான்ஸில் இன்றும் காணலாம். அதே ஆண்டில் ஷெரே தன் அச்சகத்தை ஷே என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்று, அதன் கலைப் பொறுப்பாளராகத் தொடர்ந்தார். கணக்குப் பார்க்கும் தலைவலி போய், வரைவதற்கு நேரம் கிடைத்தது.

அக்காலப் பிரான்ஸில் ஓவியம் என்றால் ஆண்டுதோறும் நடக்கும் அரச கண்காட்சிதான். தங்கச் சட்டகத்துக்குள் இருக்கும் எண்ணெய் வண்ண ஓவியத்துக்கே மதிப்பு. அந்தக் கண்காட்சியைப் பற்றி எழுதவந்த எழுத்தாளர் உயிஸ்மன்ஸ், அங்கே தொங்கும் பெரும்பாலான ஓவியங்களைவிட ஷெரேயின் சிறியதொரு சுவரொட்டியில் அதிகத் திறமை இருக்கிறது என்று துணிந்து எழுதினார். இளம் ஓவியர் ஜோர்ஜ் சூரா ஷெரேயின் சுவரொட்டிகளைச் சேகரித்து வைத்திருந்தார். அவருடைய கடைசி ஓவியமான 'சர்க்கஸ்' படத்தில் அந்தச் செல்வாக்கு வெளிப்படையாகத் தெரிகிறது. பசை காய்வதற்கு முன்பே சுவரிலிருந்து உரித்துக்கொண்டு போகிறவர்களும் இருந்தார்கள். 1890இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 'லெஜியோன் தொனர்' என்ற உயர் விருதை வழங்கியது. வணிக அச்சுக்குக் கலையைக் கொண்டுவந்து ஒரு புதிய கலைத்துறையை உருவாக்கினார் என்பதே அதற்குக் காரணம். அந்த வாப்பாவுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான் என்று பிறகு தோன்றியது.

ஆனாலும் விருதைக் காட்டி விடயத்தை முடித்துவிட முடியாது. ஷெரேயைக் கற்பிக்கும்போது எனக்குள் ஓர் உறுத்தல் உண்டு. அதை என் மாணவி ஒருத்தியே ஒருநாள் வெளியே எடுத்துப் போட்டாள்.

1890களில் 'சக்ஸொலேன்' என்ற மண்ணெண்ணெய்க்காக அவர் தொடர்ச்சியாகப் பல சுவரொட்டிகள் செய்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் மேசை லாம்பின் திரியைச் சரிசெய்கிறாள், அல்லது அதன் பக்கத்தில் நிற்கிறாள். ஒன்றில் மஞ்சள் உடை, இன்னொன்றில் பச்சை, வேறொன்றில் சிவப்பு. லாம்பின் வெளிச்சம் அவள் முகத்தில் விழும் அழகை நான் விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் கேட்டது: "டீச்சர், லாம்பு பத்த வைக்கிறதுக்கு ஏன் இவ்வளவு சிரிப்பு?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி சரியானது.

மண்ணெண்ணெய்க்கும் அதே சிரிப்பு. இருமல் மாத்திரைக்கும் அதே சிரிப்பு. பனிச்சறுக்கு அரங்குக்கும், சிகரெட் தாளுக்கும், மதுபானத்துக்கும் அதே பெண், அதே துள்ளல். பாரிஸ்காரர்கள் அவளுக்கு 'ஷெரேத்' என்று ஓவியரின் பெயரையே வைத்துவிட்டார்கள். இதைப் புகழ்ந்து சொல்பவர்கள் உண்டு. அதுவரை படங்களில் பெண் ஒன்று எட்டமுடியாத சீமாட்டி, அல்லது சமூகம் ஒதுக்கிவைத்தவள். ஷெரேயின் பெண்ணோ தன் விருப்பப்படி வெளியே வருகிறாள், சறுக்குகிறாள், மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்பார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அந்த மகிழ்ச்சி யாருடையது? அவளுக்குப் பெயர் இல்லை, களைப்பு இல்லை, வயதும் ஏறுவதில்லை. அன்றைய பாரிஸில் சலவைக்கூடங்களிலும் தையற்கடைகளிலும் வேலை செய்த பெண்கள் அந்தச் சுவர்களைக் கடந்துதான் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களுடைய முகம் அந்தச் சுவரில் இல்லை. பொருள் எதுவானாலும் பக்கத்தில் ஒரு பெண்ணைச் சிரிக்கவைத்தால் விற்கும் என்ற பழக்கம் இன்றும் நம் வீதிகளின் பெரிய விளம்பரப் பலகைகளில் இருக்கிறது. அதை ஷெரே ஒருவரே தொடங்கினார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவ்வளவு அழகாகச் செய்து காட்டியவர் அவர். அழகாகச் செய்ததனால்தான் அது நிலைத்தது.

இதனால் அவரை நான் பாடத்திலிருந்து நீக்கவில்லை. குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருட் கடைக்கு அவர் செய்த சுவரொட்டிகளையும் சேர்த்துக் காட்டுகிறேன். நிறத்தைப் பார், அமைப்பைப் பார், பிறகு இந்தப் பெண் இங்கே எதற்கு நிற்கிறாள் என்றும் கேள் என்கிறேன்.

அவருக்குப் பின் வந்தவர்கள் பலர். பொனார் 1891இல் ஒரு சுவரொட்டியோடு அறிமுகமானார். அதே ஆண்டில் துலூஸ்-லொத்ரெக், ஷெரே இரண்டு வருடம் முன்பு வரைந்துகொடுத்த அதே இரவு அரங்குக்குத் தன் முதலாவது சுவரொட்டியை வரைந்தார். லொத்ரெக்கின் மனிதர்கள் ஷெரேயின் மனிதர்களைப் போலச் சிரிப்பதில்லை. களைத்தவர்கள், வயதானவர்கள், தனித்தவர்கள் அங்கே தெரிகிறார்கள். ஓவியம் என்று பார்த்தால் எனக்கு லொத்ரெக்கையே அதிகம் பிடிக்கும். ஆனால் ஷெரே போட்ட பாதை இல்லாமல் லொத்ரெக் இல்லை. போட்டிக்கு வந்த இளையவர்களை ஷெரே ஒதுக்கவும் இல்லை. 1895 முதல் 1900 வரை ஷே அச்சகம் 'சுவரொட்டி மேதைகள்' என்ற பொருள்படும் பெயரில் மாதந்தோறும் ஒரு தொகுப்பை வெளியிட்டது. சிறந்த சுவரொட்டிகளைச் சிறிய அளவில் மறுபடி அச்சடித்துச் சந்தாதாரருக்கு அனுப்பும் திட்டம். 256 படங்கள் வெளிவந்தன. ஷெரேயின் பொறுப்பில் வந்த அந்தத் தொகுப்பில் லொத்ரெக்கின் படங்களும் உண்டு. மழையில் கரைந்துபோயிருக்க வேண்டிய எத்தனையோ சுவரொட்டிகளை இன்று நாம் பார்ப்பது இத்தகைய தொகுப்புகளாலும் சேகரித்தவர்களாலும்தான்.

அவர் வரைந்தவை ஆயிரத்துக்கும் மேல். 1900க்குப் பிறகு சுவரொட்டிகளைக் குறைத்துக்கொண்டு எண்ணெய் வண்ணம், பஸ்டல் ஆகியவற்றில் அதிகம் வேலை செய்தார். பாரிஸ் மாநகர மண்டபத்தின் ஒரு கூடத்தை அலங்கரித்தார். அருங்காட்சியகமொன்றின் சிறு அரங்குக்குத் திரை வரைந்தார். அவை அழகானவைதான். ஆனால் மூன்று கற்களின் நெருக்கடிக்குள் அவர் செய்ததில் இருந்த துடிப்பு அவற்றில் எனக்குத் தெரியவில்லை. வசதி கூடினால் கலையும் கூடும் என்று நாம் நினைப்பது எப்போதும் சரியாவதில்லை.

கடைசிக் காலத்தில் தெற்கே நீஸ் என்ற கடற்கரை நகரில் வாழ்ந்தார். அங்கே பார்வையை இழந்தார். ஒரு நகரத்துக்கே நிறம் பூசிய மனிதர் நிறமே தெரியாமல் வாழ்ந்த அந்த ஆண்டுகளைப் பற்றி வாசிக்கும்போது மனம் கனக்கிறது. 1928இல் நீஸில் திறக்கப்பட்ட நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் பின்னர் அவர் பெயரையே சூட்டினார்கள். 1932 செப்டெம்பர் 23ஆம் திகதி, 96ஆவது வயதில் காலமானார்.

என்னிடம் கேள்வி கேட்ட வாப்பாவின் மகள் இப்போது எங்கள் சித்திர வகுப்பில் இருக்கிறாள். டெங்கு ஒழிப்பு வாரத்துக்காக அட்டையை வெட்டி மூன்று அச்சுகள் செய்தாள். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. அச்சுகள் சற்று விலகியதால் நுளம்புக்கு இரண்டு நிழல் விழுந்துவிட்டது. எழுத்துகளையும் சிவப்பில் போட்டிருந்தாள். கிட்ட நின்றால் நன்றாக இருந்தது. வீதிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தபோது எழுத்து தெரியவே இல்லை. திரும்பச் செய் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டாம் முறையும் செய்தாள்.

அதை நுழைவாயிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த நாளில் மகளைக் கூட்டிப்போக அவர் வந்தார். சைக்கிளைப் பிடித்தபடி வீதியின் மறுபக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் வந்து, "டீச்சர், இது எத்தின கலர்?" என்று கேட்டார்.

"மூணு" என்றேன்.

"இல்லயே, பச்சை தெரியிது, ஊதாவும் தெரியிதே" என்று சொல்லிக்கொண்டே சுவருக்குக் கிட்டப் போனார்.